எழுபத்தொரு தடவை வரவேற்கப்பட்டவர்

சென்ற சனிக்கிழமை ஒரு புத்தகத்தை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். காலை ஒன்பதே காலுக்கு எடுத்தது... பதினொன்றுக்குத்தான் கீழே வைத்தேன். நடுவில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை.

அந்தப் புத்தகத்துக்குக் கோடு போட்டது நான். உள்ளே எழுதியது எஸ்தர். மேலட்டையில் என் கையெழுத்தில் தலைப்பு – ‘வருகையாளர் பதிவேடு’.

விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிப்பவர்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறேன். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் சபைக் கமிட்டிக்குச் செயலாளராகவும் இருக்கிறேன். ஒரு பெண்ணை எப்படிச் செயலாளராகப் போட்டார்கள் என்கிறீர்களா? கமிட்டியில் பதினோரு ஆண்கள். பேசுவதற்குப் பதினோரு பேரும் தயார். எழுதுவதற்கு ஒருவரும் இல்லை. பதவி என்னிடம் வந்து சேர்ந்தது.

வந்ததும் முதல் வேலையாக ஒழுங்கு கொண்டுவந்தேன். மராமத்துக்குப் பச்சை ஃபைல், கல்யாணத்துக்கு நீலம், புகாருக்குச் சிவப்பு, வெளிநாட்டுக் கடிதங்களுக்கு வெள்ளை. சிவப்பு ஃபைல்தான் வருஷத்துக்கு இரண்டு மாற்ற வேண்டியிருக்கிறது.

வருகையாளர் பதிவேடும் என் யோசனைதான். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும், புதிதாக வந்தவர்களை ஆயர் எழுந்து நிற்கச் சொல்வார். சபையார் கைதட்டுவார்கள். ஓய்வுநாள் பள்ளிச் சிறுமி ஒருத்தி ஒரு ரோஜாப்பூ கொடுப்பாள். ஆராதனை முடிந்து போகும்போது வாசல் மேசையில் உள்ள பதிவேட்டில் அவர்கள் கையெழுத்திட வேண்டும். தேதி, பெயர், ஊர், எத்தனை நாள் தங்கல், குறிப்பு – ஐந்து கட்டங்கள். மாதக் கடைசியில், கடைசி வரிக்குக் கீழே பச்சை மையில் நான் கையெழுத்துப் போடுவேன்.

போடுவேன். அவ்வளவுதான். படித்ததாகச் சொன்னேனா?

எஸ்தர் வாஞ்சிகு கென்யாவிலிருந்து வந்தவர். முப்பது வயதிருக்கும். அங்கே பள்ளி ஆசிரியை. கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு, இங்கே கல்லூரியில் இரண்டு வருஷ எம்.ஏ. படிக்க வந்திருக்கிறார். ஒரு வருஷம் எட்டு மாதத்துக்கு முன் முதன்முதலாக எங்கள் ஆலயத்துக்கு வந்தார். என்னிடம் ஒரு நீளக் கவரைக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு புன்னகை செய்தேன். ஆயர் அவரை எழுப்பினார். கைதட்டல். ரோஜா. பதிவேடு.

அடுத்த ஞாயிறும் எஸ்தர் வந்தார். ஆயர் பெண்கள் பக்கம் கண்ணை ஓட்டினார். “நம் மத்தியில் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரியை அன்போடு வரவேற்போம்” என்றார். கைதட்டல். ரோஜா. பதிவேடு.

மூன்றாம் ஞாயிறு? அதேதான். முப்பதாம் ஞாயிறும் அதேதான்.

அதே சமயத்தில் பொத்தேரிப் பக்கமிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் எங்கள் சபைக்கு வந்தது. அவர்களை ஒரே ஒரு வாரம் வரவேற்றோம். மறு வாரம் அந்த வீட்டம்மா கையில் துடைப்பம் இருந்தது. வீட்டுக்காரர் பெஞ்சு நகர்த்திக்கொண்டிருந்தார். யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

எங்கள் சபையில் ஏற்கெனவே மூன்று எஸ்தர்கள் உண்டு – டைப்பிஸ்ட் எஸ்தர், பால் டிப்போ எஸ்தர், ரயில்வே குவார்ட்டர்ஸ் எஸ்தர். இவர் ஆப்பிரிக்கா எஸ்தர் ஆனார். ஒரு கண்டத்தையே ஒருவர் தலையில் கட்டிவிட்டோம். இருபது வருஷமாக அந்தக் கண்டத்தின் நதிகளை மனப்பாடம் செய்யச் சொல்லிப் பிள்ளைகளை வதைக்கும் நானும் அப்படியே கூப்பிட்டேன்.

எல்லோரும் அவரிடம் இங்கிலீஷில்தான் பேசுவார்கள். அதுவும் காது கேளாதவரிடம் பேசுவதுபோல, மெதுவாக, உரக்க. ஒரு சபை விருந்தில் பெண்கள் சங்கத் தலைவி கிரேஸம்மா குனிந்து கேட்டார்: “யூ... லைக்... இட்லி?”

எஸ்தர் விடுதிச் சமையல்காரம்மாவிடம் தமிழ் கற்றவர். “இட்லி ஷோக்கா கீதும்மா. சாம்பார்தான் தண்ணியா கீது” என்றார்.

கிரேஸம்மா நிமிர்ந்து போனார். அந்தச் சாம்பார் அவர் வைத்தது.

இப்போது லில்லிக்கு வருகிறேன். கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கும் பெண். வீடு முடிச்சூரில். கிரேஸம்மாவின் தம்பி மனைவி. கணவனுக்கு வடக்கே வேலை. மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மதியம் எஸ்தர் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தபோது லில்லிக்கு வலி கண்டுவிட்டது. முடிச்சூர் வழி எப்படியென்று உங்களுக்குத் தெரியும். வயலும் ஏரியும் ஒன்றாகிவிட்டால் மாட்டுவண்டிக்காரன்கூட வரமாட்டான். எஸ்தர் லில்லியின் இடுப்பைப் பிடித்து, குடையை அவளுக்கு மட்டும் பிடித்து, வரப்பு வரப்பாக நடத்தி ரோட்டுக்குக் கொண்டுவந்து, எதிரே வந்த ஒரு லாரியை நிறுத்தி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பெண் குழந்தை. முதலில் கையில் வாங்கியது எஸ்தர்தான்.

அந்தக் குழந்தைக்குக் கடந்த ஞாயிறு ஞானஸ்நானம். கணவனும் லீவில் வந்திருந்தான். வெள்ளிக்கிழமை மாலை லில்லி ஆயரிடம் போய், “எஸ்தரக்காதான் ஞானத்தாய்” என்றிருக்கிறாள்.

ஆயர் என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“டீச்சர், ஞானத்தாயா நிக்கிறவங்க ஒரு வருஷமாவது நம்ம சபை ஜாபிதாவில இருக்கணும்னு தீர்மானம் இருக்கில்ல?”

“இருக்கிறது, ஐயா. நான்தான் டைப் அடித்தேன்.”

“அந்தம்மா ஜாபிதாவில இருக்காங்களா?”

பார்த்தேன். இல்லை. வேறு ஊர் சபையிலிருந்து வருகிறவர்கள், ‘இவர் எங்கள் சபையில் திருவிருந்து பெறும் முழு அங்கத்தினர்; உங்கள் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று அந்த ஊர் ஆயரிடம் ஒரு சீட்டு வாங்கி வர வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால்தான் ஜாபிதாவில், அதாவது அங்கத்தினர் பட்டியலில், பெயர் ஏறும்.

“அப்ப கஷ்டம்தான். நாளைக்கு அஞ்சு மணிக்குக் கமிட்டியில வைப்போம்” என்று ஆயர் போய்விட்டார்.

எஸ்தர் எத்தனை காலமாக வருகிறார் என்பதையாவது கமிட்டிக்குச் சரியாகச் சொல்லலாமே... அதற்காகத்தான் சனிக்கிழமை காலை வருகையாளர் பதிவேட்டை எடுத்தேன்.

முதல் ஞாயிறு. குறிப்புக் கட்டத்தில் அழகான இங்கிலீஷ் எழுத்து: ‘என் சபைச் சீட்டைச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் நன்றாகப் புன்னகை செய்கிறார்.’

இரண்டாம் ஞாயிறு: ‘சீட்டைப் பற்றித் தகவல் இல்லை. ரோஜா நன்று.’

ஐந்தாம் ஞாயிறு: ‘சீட்டு? இன்றும் ரோஜா. எனக்கு யாரோ காதலன் இருப்பதாக அறைத்தோழி சந்தேகப்படுகிறாள்.’

பன்னிரண்டாம் ஞாயிறு: ‘இன்று மூன்று பேர் என் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் அனுமதி கேட்டார். சீட்டு?’

இருபதாம் ஞாயிறு: ‘பிரசங்கத்தில் இருண்ட கண்டம் என்று இரண்டு முறை வந்தது. அதற்குள் இங்கே மூன்று முறை கரண்ட் போயிற்று.’

அடுத்தது: ‘ஆப்பிரிக்க மிஷனரி ஊழியத்துக்கான காணிக்கைப் பை என்னிடமும் வந்தது. போட்டேன். போய்ச் சேர்ந்ததா என்று அம்மாவுக்கு எழுதிக் கேட்கிறேன்.’

அப்புறம் ஒன்று. அதை இரண்டு முறை படித்தேன். ‘திருவிருந்துக்கு மண்டியிட்டேன். எனக்கு இரு பக்கமும் இடம் காலி. முழங்கை வைக்க வசதியாக இருந்தது.’

எட்டாவது மாதத்திலிருந்து எழுத்து தமிழுக்கு மாறுகிறது. ஊர் என்ற கட்டத்தில் கென்யா போய்விட்டது. ‘கிழக்குத் தாம்பரம்’ என்று இருக்கிறது. சில வாரம் ‘உங்களுக்குப் பின் பெஞ்சு’. எத்தனை நாள் தங்கல்? முதலில் ‘இரண்டு வருஷம்’. பிறகு ‘ஆண்டவருக்குத் தெரியும்’. ஒரு வாரம், ‘பிரசங்கம் முடியும்வரை’.

மொத்தம் எழுபத்தொரு வரிகள். மாதம் தவறாமல், கீழே பச்சை மையில் என் கையெழுத்து.

வெள்ளை ஃபைலைத் திறந்தேன். ஒரு வெளிநாட்டுக் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கும் ஒரு விதைக் கம்பெனி விளம்பரத்துக்கும் நடுவில், அந்த நீளக் கவர். பிரிக்கவே இல்லை. வெளிநாட்டு முகவரி போட்ட எதுவும் வெள்ளை ஃபைல். என் ஒழுங்கு அது.

தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் கணவர் சொன்னார்: “உனக்கு வைக்கத் தெரியற அளவுக்குப் படிக்கத் தெரியல.”

 செருப்பை மாட்டிக்கொண்டு விடுதிக்கு நடந்தேன்.

எஸ்தர் வராந்தாவில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். நான் வழியெல்லாம் தயார் செய்த இங்கிலீஷ் மன்னிப்பை ஆரம்பித்தேன்.

“இன்னா டீச்சர், இந்த வெயில்ல நடந்துகினு வந்தீங்க? குந்துங்க மொதல்ல.”

கவரை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பத்திரமாத்தான் வச்சிருக்கீங்க. ஒரு மடிப்புகூட கலையல.”

“என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, எஸ்தர்.”

“கேட்டேனே டீச்சர். எழுபத்தொரு வாட்டி.” கிளிப் ஒன்றைத் துணியில் மாட்டினார். “எங்க ஊர் சபையில நான்தான் செயலாளர். புக்குல யாரு இன்னா எழுதினாலும் திங்கக்கெழமை படிச்சிடுவேன். செயலாளர்னா படிப்பாங்கன்னு நெனச்சிக்கினேன்.”

என் பதினான்கு வருஷச் செயலாளர் வாழ்வில் இப்படி ஒரு அடி வாங்கியதில்லை. அதுவும் அவர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

“மொதல்ல கோவம்தான். அப்பால எழுதறது ஜாலியாப் பூடுச்சு. கை தட்றாங்க, பூ குடுக்கறாங்க... ஆனா பாத்ரூம் எங்க கீதுன்னு மூணு மாசம் ஒருத்தரும் சொல்லல டீச்சர். லில்லிதான் கூட்டிகினு போய்க் காட்டுச்சு.”

எவ்வளவு சரி. நம் வீட்டில் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்தால், அவர் வாசலிலேயேதானே நின்றுகொண்டிருப்பார்?

நான் எழுந்தபோது எஸ்தர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

“எம் புள்ளைங்கள நான் பாத்து ஒரு வருஷம் எட்டு மாசம் ஆவுது. இந்தப் புள்ளைய பொறந்த அன்னிக்கே தூக்கினேன். அதுக்கு ஞானத்தாய் நான்தான்னு ஒரு புக்குல எழுதி இருக்கணும் டீச்சர். வருகையாளர் புக்குல வேணாம்.”

மாலை சரியாக ஐந்து மணி. ஆலயத்தின் பின்னறை. ஆயர், பதினோரு பேர், நான். பெண்கள் சங்கத் தலைவி என்பதால் கிரேஸம்மா. குழந்தையோடு லில்லி.

கிரேஸம்மாவின் கணவர் தேவசகாயம்தான் எங்கள் மூத்த மூப்பர். தொண்டையைச் செருமினார். “அந்தம்மா நல்லவங்கதான். ஆனா நாலு மாசத்துல கப்பல் ஏறிடுவாங்க. ரூல்னா ரூல்தானே?”

“தீர்மானம்தானே முக்கியம்” என்று இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

கிரேஸம்மாவுக்கு மட்டும் விஷயத்தைச் சுற்றிவளைக்கத் தெரியாது. “ஞானத்தாய் குணம் புள்ளைக்கு வரும்னு சொல்வாங்க. குணம் மட்டும்தான் வருமா? பொம்பளப் புள்ள... நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணுமில்ல?”



லில்லி குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். “அண்ணி, கலரு ஏற்கெனவே உங்க தம்பிகிட்டேர்ந்து வந்தாச்சு. இதுக்கு மேல யாரு தூக்கினாலும் ஒண்ணும் ஆகாது.”

பதினோரு பேரும் ஒரே நேரத்தில் விட்டத்தைப் பார்த்தார்கள். அந்தப் பதினோரு பேரில் எஸ்தரைவிடக் கறுப்பு எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை என் டைரியில் இருக்கிறது. இங்கே எழுதுவதாக இல்லை. நான் இதே சபையில்தான் இன்னும் காலம் தள்ள வேண்டும்.

கவரை மேசைமேல் வைத்தேன். “சபைச் சீட்டு. எஸ்தர் வந்த முதல் ஞாயிறே என்னிடம் கொடுத்தார். பிரிக்காமல் தவறான ஃபைலில் வைத்துவிட்டேன்.”

ஆயர் பிரித்து வாசித்தார். முழு அங்கத்தினர், பாடகர் குழுவினர், சபைச் செயலாளர். மூன்று முத்திரைகள்.

மூப்பர் விடவில்லை. “நல்லது, இன்னிக்கே சேத்துக்குவோம். ஒரு வருஷக் கணக்கு இன்னிலேர்ந்து ஆரம்பிக்கும்.”

“சீட்டு வந்தது அன்றைக்கு, மூப்பரே. தூங்கினது நான். தபால்காரர் தாமதமாகக் கொடுத்தால் கடிதத்தில் போட்ட தேதி மாறிவிடுமா?”

“அன்னிக்குத்தான் குடுத்தாங்கன்னு எப்படி நம்பறது?”

பதிவேட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். முதல் வரி. அதே பக்கத்தின் அடியில் என் கையெழுத்து, தேதியோடு. மூப்பர் கண்ணாடியைத் துடைத்து உரக்கப் படித்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தைப் புரட்டினார். இருண்ட கண்டத்தில் ஆயர் லேசாக இருமினார். முழங்கை வரியில் மூப்பர் நின்றுவிட்டார். திருவிருந்தின்போது எஸ்தருக்கு வலப்பக்கம் வழக்கமாக மண்டியிட வேண்டியவர் யார் என்பது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும்.

“அப்படின்னா, செயலாளர் தப்புப் பண்ணிட்டாங்கன்னு மினிட்ஸில ஏத்தணும்” என்றார் கடைசியில். நான் பின்வாங்குவேன் என்று நினைத்திருப்பார். நியாயம்தான். பதினான்கு வருஷ மினிட்ஸில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘நன்றி’ என்ற சொல் மட்டுமே உண்டு.

எழுதினேன். எழுதியதை உரக்க வாசித்தேன்: ‘செயலாளரின் கவனக்குறைவால் ஒரு வருஷம் எட்டு மாதம் விடுபட்ட அங்கத்தினர் எஸ்தர் வாஞ்சிகுவின் பெயரை, சீட்டு ஒப்படைத்த நாள் முதல் ஜாபிதாவில் சேர்க்கலாம்.’ குரல் ஒரு இடத்தில் கொஞ்சம் இடறியது. கவனக்குறைவு என்ற சொல் நீளமானது.

ஏழு கைகள் உயர்ந்தன. போதும்.

ஞாயிறு. ஞானஸ்நானத் தொட்டியருகே எஸ்தர் கையில் குழந்தை. ஆயர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் ஜெபப்புத்தகத் தமிழில், கணீரென்று வந்தது. விடுதித் தமிழை அன்று விடுதியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். தண்ணீர் பட்டதும் குழந்தை வீறிட்டு, அவர் காதுத் தொங்கட்டானைப் பிடித்துக்கொண்டது. பிரித்தெடுக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று.

பிறகு அறிவிப்புகள். ஆயர் பழக்கதோஷத்தில் ஆரம்பித்துவிட்டார். “நம் மத்தியில் வெளிநாட்டிலிருந்து...”

ரோஜாவோடு சிறுமி இரண்டடி வந்துவிட்டாள். எஸ்தர் எழுந்திருக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தில் அடுத்த பாட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஆயர் என்னைப் பார்த்தார். நான் ஜாபிதாவைப் பார்த்தேன்.

“இன்று புதிதாக யாரும் வரவில்லை” என்றார் ஆயர். அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

அந்த நான்கு சொல்லுக்குத்தான் இத்தனை காலம்.

இத்தோடு மங்களம் பாடியிருப்பேன். ஆனால் பெண்கள் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு மின்விசிறி. மூன்றாவது பெஞ்சில், சரியாக அதற்குக் கீழே உள்ள இடத்தில் ஒன்பது வருஷமாக கிரேஸம்மா உட்காருகிறார். தொட்டியருகே நின்றுவிட்டுத் தாமதமாகத் திரும்பினார். இடத்தில் எஸ்தர். மடியில் தூங்கும் குழந்தை.

“இது என் இடம்” என்றார் கிரேஸம்மா. இங்கிலீஷில் இல்லை. மெதுவாகவும் இல்லை.

“பேரு எழுதி கீதா?”

“ஒம்பது வருஷமா நான் இங்கதான் உக்கார்றேன். கேட்டுப் பாரு யாரை வேணா.”

“நான் மொதல்ல வந்து குந்திகினேன். புள்ள தூங்குது. அந்தாண்ட போய்க் குந்துங்க.”

“வர வர உனக்கு வாய் ஜாஸ்தியாயிடுச்சு, எஸ்தர்.”

ஆப்பிரிக்கா எஸ்தர் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?

ஆயரின் மனைவி என் முழங்கையை இடித்தார். “டீச்சர், சண்டை பெரிசாயிடும் போலிருக்கு. நீங்க போய் ரெண்டு வார்த்தை சொல்லுங்களேன்.”

நான் அசையவில்லை. அங்கத்தினர் இரண்டு பேருக்குள் ஆயிரம் இருக்கும்... நடுவில் புக நாம் யார்?